ஏஜென்ட் வாங்கித் தந்த ரீஃபண்ட்: இப்போது என்ன செய்வது?

ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சீனியர் டெக்னீஷியனாக வேலை பார்க்கும் 34 வயது வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தொகைகளை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன், கணக்குக்கு அவை தேவை. இதில் வரும் விதிகளும் கெடுத் தேதிகளும் 2025 இறுதியில் இருந்த நிலைப்படி. கடிதத்தின் சாரம் இது:

2023–24 நிதியாண்டில் அவருடைய சம்பளம் 8,60,000 ரூபாய். சொந்த வீட்டில் குடியிருக்கிறார், வீட்டுக் கடன் இருக்கிறது. நிலைக்கழிவு, தொழில் வரி, கடன் வட்டி 62,000, பி.எஃப். முதலான சேமிப்பு 1,40,000 எல்லாம் போக, வரிக்குரிய வருமானம் 6,05,500 என்று கம்பெனி தந்த வரிச் சான்றான படிவம் 16 சொல்கிறது. கம்பெனி பிடித்த வரி 34,940. 2024 ஜூனில், கம்பெனி வாசலில் உள்ள டீக்கடைக்கு ஒருவர் வந்து, "பிடித்த வரி முழுவதையும் திரும்ப வாங்கித் தருகிறேன், வந்த பிறகு பத்து சதவீதம் கொடுத்தால் போதும்" என்றிருக்கிறார். நண்பர்கள் பலர் கொடுத்தார்கள், இவரும் கொடுத்தார். பான், ஆதார், படிவம் 16 மூன்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். போனில் வந்த ஓடிபியைச் சொன்னார். சில வாரங்களில் முழுத் தொகையும் வங்கிக்கு வந்தது. ஏஜென்டுக்கு 3,500 ரூபாய் போனது.

இந்த ஆண்டு (2025), கூட வேலை பார்க்கும் ஒருவருக்கு வருமான வரித் துறையிலிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கிறது: நீங்கள் கோரிய கழிவுகளைச் சரிபாருங்கள், தவறிருந்தால் திருத்துங்கள் என்று. நண்பரின் ரிட்டர்னை எடுத்துப் பார்த்தால், அவர் ஒரு நாளும் கொடுக்காத அரசியல் கட்சி நன்கொடை 50,000 ரூபாய் அதில் இருந்திருக்கிறது. "உங்களுக்கு எதுவும் வரவில்லையே, பிறகு ஏன் பயப்படுகிறீர்கள்?" என்கிறார் ஏஜென்ட். மனைவி, தூங்குகிற விஷயத்தைக் கிளற வேண்டாம் என்கிறார். பயத்தில் இந்த ஆண்டு ரிட்டர்னே தாக்கல் செய்யாமல் கெடுவைத் தவறவிட்டுவிட்டார். 2024–25இல் ஓவர்டைம் குறைந்ததால் சம்பளம் 7,60,000, பிடித்த வரி 14,560. வைப்புத்தொகை வட்டி 12,000 தனியாக உண்டு. "ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்குமா? கம்பெனிக்குத் தெரிந்துவிடுமா? நான் திருத்தினால் நண்பர்கள் மாட்டிக்கொள்வார்களா? தவறு செய்தவர் ஏஜென்ட், அவரைப் பொறுப்பாக்க முடியாதா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வாக்கியம், "எனக்கு எந்த மெசேஜும் வரவில்லை" என்பது. அதை நிம்மதிக்குக் காரணமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது கவலைக்குக் காரணமாகப் படுகிறது. வருமான வரி இணையதளத்தில் உங்கள் கணக்கில் எந்த மின்னஞ்சலும் எந்த கைபேசி எண்ணும் பதிவாகியிருக்கிறதோ, அங்கேதான் துறையின் செய்திகள் போகும். இப்படிப்பட்ட ஏஜென்டுகள் மொத்தமாக ரிட்டர்ன் போடுவதற்கென்றே தற்காலிக மின்னஞ்சல்களை உருவாக்கி, வேலை முடிந்ததும் கைவிட்டுவிடுகிறார்கள், அதனால் நோட்டீஸ்கள் படிக்கப்படாமலே கிடக்கின்றன என்று மத்திய நேரடி வரிகள் வாரியமே 2025 ஜூலையில் சொன்னது. நண்பர் தம்முடைய எண்ணைக் கொடுத்திருந்ததால் அவருக்குச் செய்தி வந்திருக்கலாம். உங்களுக்கு வந்த செய்தி எங்கோ ஒரு பெட்டியில் திறக்கப்படாமல் இருக்கலாம். ஆகவே ஏஜென்டைத் தேடுவதும் மனைவியுடன் விவாதிப்பதும் பிறகு இருக்கட்டும். உங்கள் கணக்குக்குள் நீங்களே நுழைவதுதான் இப்போது செய்ய வேண்டியது.

கணக்கை மீட்டெடுங்கள்

இணையதளத்தில் பயனர் பெயர் உங்கள் பான் எண்தான். கடவுச்சொல் ஏஜென்டிடம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் கேட்கவே வேண்டாம். கடவுச்சொல்லை மறந்துவிட்டேன் என்ற வழியில் போய், ஆதார் ஓடிபியைத் தேர்ந்தெடுங்கள். ஆதாரோடு இணைந்த எண் உங்களுடையது என்பது, ஓடிபி உங்கள் போனுக்கு வந்ததிலிருந்தே தெரிகிறது. புதிய கடவுச்சொல் வைத்த கையோடு சுயவிவரப் பக்கத்தில் மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் உங்களுடையதாக மாற்றுங்கள். வங்கிக் கணக்குப் பட்டியலில் உங்களுக்குத் தெரியாத கணக்கு ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிறகு மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். தாக்கல் செய்த ரிட்டர்ன்கள் என்ற பகுதியில் 2024–25 மதிப்பீட்டு ஆண்டுக்கான, அதாவது 2023–24இல் ஈட்டிய வருமானத்துக்கான, முழுப் படிவத்தையும் இறக்கிக்கொள்ளுங்கள். ஏஜென்ட் உங்களுக்கு அனுப்பிய ஒரு பக்கத் தாள் வெறும் ஒப்புகைச் சீட்டு, அதில் கழிவுகளின் விவரம் இருக்காது. அடுத்து, பெங்களூரு மையச் செயலாக்க அலுவலகம் அனுப்பிய 143(1) அறிவிப்பையும் இறக்கிக்கொள்ளுங்கள். கடைசியாக, நிலுவையில் உள்ள நடவடிக்கைகளின் கீழ் மின்நடவடிக்கைகள் (e-Proceedings) என்ற பகுதி இருக்கும். அது காலியாக இருக்கிறதா, ஏதேனும் நோட்டீஸ் காத்திருக்கிறதா என்பதைப் பொறுத்தே உங்களுக்கு எந்த வழி திறந்திருக்கிறது என்பது முடிவாகும்.

ஏஜென்ட் என்ன செய்திருப்பார்?

படிவத்தைப் பார்க்காமலே ஓரளவு சொல்ல முடியும். பழைய வரி முறையில், அதாவது இப்படிப்பட்ட கழிவுகளைக் கோர இடம் தரும் முறையில், வரிக்குரிய வருமானம் 5 லட்சத்தைத் தாண்டாவிட்டால், 87ஏ தள்ளுபடியால் வரி பூஜ்யம். தாண்டிவிட்டால் தள்ளுபடி முழுவதுமாகப் போய்விடும். உங்கள் வருமானம் 6,05,500. பிடித்த வரி முழுவதும் திரும்பியிருக்கிறது என்றால், குறைந்தது 1,05,500 ரூபாய்க்கு இல்லாத கழிவுகளைப் போட்டு 5 லட்சத்துக்குக் கீழே இறக்கியிருக்க வேண்டும். நண்பருக்குப் போட்டதைப் போலவே கட்சி நன்கொடை 50,000 போட்டிருந்தால், மீதிக்கு வீட்டு வாடகைப் படியைப் பயன்படுத்தியிருக்க வாய்ப்பு அதிகம். சொந்த வீட்டில் குடியிருந்து, அந்த வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவும் கேட்டுக்கொண்டு, கூடவே வாடகையும் கொடுத்ததாகச் சொல்லும் ரிட்டர்ன் எப்படி நிற்கும்? படிவத்தைத் திறந்ததும் வாடகைப் படி விலக்கு, 80ஜிஜிசி கட்சி நன்கொடை, 80டி மருத்துவக் காப்பீடு, 80ஈ கல்விக் கடன் வட்டி ஆகிய நான்கு இனங்களையும் உங்கள் படிவம் 16 உடன் ஒப்பிடுங்கள். படிவம் 16இல் இல்லாமல் ரிட்டர்னில் மட்டும் முளைத்திருப்பது எதுவோ, அதுதான் சிக்கல்.

"எல்லோரும் கழிவு கேட்கிறார்களே" என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்கலாம். கம்பெனியிடம் ரசீதைக் கொடுக்க மறந்துவிட்டு ரிட்டர்னில் கோருவது சட்டப்படி சரியானது. பிள்ளையின் பள்ளிக் கட்டணம், பெற்றோரின் காப்பீட்டுப் பிரீமியம் என்று எத்தனையோ பேர் நியாயமாகப் பெற வேண்டியதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். நடக்காத செலவை நடந்ததாக எழுதுவதைத்தான் சட்டம் குற்றம் என்கிறது.

"ரீஃபண்ட் கொடுத்துவிட்டார்களே, ஏற்றுக்கொண்டதாகத்தானே பொருள்?"

இல்லை. உங்களைப் போல நிறையப் பேர் இப்படி நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 143(1) அறிவிப்பு என்பது கணினி பார்க்கும் கூட்டல் கழித்தல் சரிபார்ப்பு. பிடித்த வரி அரசுக்கு வந்திருக்கிறதா, கணக்கில் வெளிப்படையான பிழை உண்டா என்று பார்த்து ரீஃபண்டை அனுப்பிவிடுகிறது. நன்கொடை ரசீதை அந்தக் கட்டத்தில் யாரும் கேட்பதில்லை. மதிப்பீட்டு ஆண்டு முடிந்த பிறகும் 3 ஆண்டு 3 மாதம் வரை துறை மறுமதிப்பீட்டு நோட்டீஸ் அனுப்ப முடியும். உங்கள் விஷயத்தில் அது 2028 ஜூன் வரை நீள்கிறது. மனைவி சொல்வதுபோல் பேசாமல் இருந்தால், அவ்வளவு காலமும் ஒவ்வொரு குறுஞ்செய்திக்கும் உங்களுக்கு நெஞ்சு படபடக்கும்.

துறை இதைக் கவனிக்கவில்லை என்ற எண்ணமும் வேண்டாம். 2025 ஜூலை 14 அன்று இப்படிப்பட்ட பொய்க் கழிவுகள் தொடர்பாக நாடு முழுவதும் 150 இடங்களில் சோதனை நடந்தது. வாரியம் பெயர் சொன்ன மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் ஏறத்தாழ 40,000 பேர் தாங்களாகவே ரிட்டர்னைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய் அளவுக்குப் பொய்க் கோரிக்கைகளைத் திரும்பப் பெற்றார்கள் என்றும் வாரியம் அறிவித்தது. நீங்கள் ஒருவர் மட்டும் இந்தக் குழியில் விழவில்லை. வெளியே வந்தவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

வெளியே வரும் வழியும் அதன் விலையும்

அந்த ஆண்டு ரிட்டர்னைச் சாதாரணமாகத் திருத்தும் கெடு 2025 ஜனவரி 15 உடன் முடிந்துவிட்டது. இப்போது உங்களுக்கு உள்ளது 139(8ஏ) பிரிவின் கீழ் புதுப்பிக்கப்பட்ட ரிட்டர்ன். இதன் மூலம் ரீஃபண்டைக் கூட்டவோ வரியைக் குறைக்கவோ முடியாது. வரியை ஒழுங்காகக் கட்டுவதற்கு மட்டுமே இந்த வழி. முன்பு வாங்கிய ரீஃபண்டைத் திருப்பிக் கொடுப்பதற்கு இது பொருந்தும்.

விலை என்ன? திருப்பிக் கட்ட வேண்டிய வரி, அதற்கான வட்டி, இரண்டும் சேர்ந்த தொகையில் 25 சதவீதம் கூடுதல் வரி. வட்டியை மென்பொருளே கணக்கிடும். ஒரு பேச்சுக்கு வரியும் வட்டியும் 40,000 என்று வைத்துக்கொண்டால் கூடுதல் வரி 10,000, ஆக மொத்தம் 50,000. இந்த 25 சதவீதம் 2026 மார்ச் 31 வரைதான். அந்தத் தேதி தாண்டினால் 50 சதவீதம், அதற்கடுத்த ஆண்டுகளில் 60, 70 என்று ஏறும். உங்கள் நண்பர்களில் யாராவது ஓராண்டு முன்னதாகவே, அதாவது 2022–23க்கும் இதே ஏஜென்டிடம் போயிருந்தால், அந்த ரிட்டர்னுக்கு இப்போதே 50 சதவீதம்.

பேசாமல் இருந்து துறை கண்டுபிடித்தால்? வருமானத்தைத் தவறாகக் காட்டியதற்கு 270ஏ பிரிவின் அபராதம் வரியில் 200 சதவீதம். உங்கள் கணக்கில் 34,940க்கு அபராதம் மட்டுமே 69,880. வரியும் வட்டியும் அதற்கு மேல். 10,000 ரூபாயைப் பார்த்து மலைக்கும் முன் இந்த எண்ணையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கையில் மொத்தமாகப் பணம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மார்ச் இறுதி வரை அவகாசம் இருக்கிறது, மாதச் சம்பளத்திலிருந்து ஒதுக்குங்கள். ஆனால் கடைசி வாரம் வரை தள்ள வேண்டாம். இடையில் நோட்டீஸ் வந்துவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும்.

செய்முறையில் இரண்டு மூன்று இடங்களில் கவனம் தேவை. ரிட்டர்ன் போடும் முன்பே வரியைக் கட்ட வேண்டும். இணையதளத்தின் வரி செலுத்தும் பக்கத்தில் மதிப்பீட்டு ஆண்டு 2024–25 என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். வருமானம் ஈட்டிய ஆண்டு 2023–24, மதிப்பீட்டு ஆண்டு 2024–25. இங்கே ஓராண்டு மாறினால் பணம் வேறு ஆண்டுக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும், அதை மாற்றி வாங்க அலைய வேண்டியிருக்கும். செலுத்திய சலான் விவரங்களைப் படிவத்தில் நிரப்புங்கள். ஏற்கெனவே பெற்ற ரீஃபண்ட் எவ்வளவு என்ற கேள்விக்கு, 143(1) அறிவிப்பையும் வங்கிப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதில் எழுதுங்கள். ஓர் ஆண்டுக்குப் புதுப்பிக்கப்பட்ட ரிட்டர்னை ஒரே ஒரு முறைதான் போட முடியும், அதை மறுபடி திருத்த முடியாது. இந்த ஒரு ரிட்டர்னுக்கு மட்டும் பட்டயக் கணக்காளர் ஒருவரைப் பார்த்துக் கட்டணம் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள் என்பதே என் அறிவுரை. மற்றவற்றை நீங்களே செய்யலாம்.

ஒருவேளை நோட்டீஸ் ஏற்கெனவே வந்திருந்தால்

நண்பருக்கு வந்த குறுஞ்செய்தி வெறும் நினைவூட்டல். தாங்களாகவே திருத்திக்கொள்ளுங்கள் என்பதுதான் அதன் பொருள், அது வந்த பிறகும் புதுப்பிக்கப்பட்ட ரிட்டர்ன் போடலாம். மதிப்பீடு அல்லது மறுமதிப்பீட்டு நடவடிக்கை தொடங்கிவிட்டதாக நோட்டீஸ் இருந்தால் அந்த வழி அடைபடும். அப்போதும் எல்லாம் முடிந்துவிடவில்லை. முதலில் நோட்டீஸ் உண்மையானதா என்று பாருங்கள். துறையின் கடிதங்கள் ஒவ்வொன்றுக்கும் ஆவண அடையாள எண் உண்டு, இணையதளத்தில் உள்நுழையாமலே அதைச் சரிபார்க்கலாம். உண்மை என்றால், குறித்த நாளுக்குள் பதில் போட வேண்டும்: எந்தக் கழிவு தவறு, சரியான கணக்கு எது, வரி கட்டிய சலான் இதோ என்று. தேதி தவறினால் அதிகாரி தம்மிடம் உள்ளதை வைத்து முடிவெடுப்பார்.

இந்தக் கட்டத்தில்தான் ஏஜென்டுகள் இரண்டாவது வலையை விரிக்கிறார்கள். வாடகை ரசீது தயார் செய்து தருகிறேன், நன்கொடை ரசீது வாங்கித் தருகிறேன், சில ஆயிரம் ஆகும் என்பார்கள். தயவுசெய்து அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். இதுவரை நடந்ததை, படிக்காமல் ஒப்புதல் கொடுத்துவிட்டேன் என்று விளக்க உங்களுக்கு இடம் இருக்கிறது. போலி ரசீதை நீங்களே பதிவேற்றினால் அந்த இடமும் போய்விடும்.

சிறையைப் பற்றிக் கேட்டீர்கள். பொய்யான உறுதிமொழிக்கு வழக்குத் தொடரச் சட்டத்தில் பிரிவுகள் இருக்கின்றன, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் உங்களுடையதைப் போன்ற தொகைகளில், அதுவும் தாமாக முன்வந்து வரி கட்டியவர்மீது, துறையின் நோக்கம் வரியை வசூலிப்பதே. தூக்கம் கெடும் அளவுக்கு இந்தப் பயம் வேண்டாம்.

இந்த ஆண்டு ரிட்டர்ன்

பயத்தில் இதை நிறுத்திவைத்ததுதான் எனக்கு வருத்தம், ஏனென்றால் இதில் உங்களுக்கு வர வேண்டிய பணம் இருக்கிறது. கெடு செப்டம்பர் 16 உடன் முடிந்தாலும், 2025 டிசம்பர் 31 வரை தாமத ரிட்டர்ன் போடலாம். தாமதமாகப் போடுபவர் பழைய முறையைத் தேர்ந்தெடுக்க முடியாது, பெரும்பாலான கழிவுகள் இல்லாத புதிய முறைதான். உங்களுக்கு அது நல்லதாகவே முடிகிறது. கணக்கைப் பாருங்கள்: சம்பளம் 7,60,000இல் நிலைக்கழிவு 75,000 போனால் 6,85,000. வைப்புத்தொகை வட்டி 12,000 சேர்த்தால் 6,97,000. அந்த ஆண்டுக்குப் புதிய முறையில் 7 லட்சம் வரை 87ஏ தள்ளுபடி உண்டு. வரி பூஜ்யம். பிடித்த 14,560இல் தாமதக் கட்டணம் 5,000 போக 9,560 ரூபாய் உங்களுக்குத் திரும்ப வரும். ஒரு பொய்கூட எழுதாமல்.

வங்கி வரி பிடிக்காததால் வட்டியைக் காட்ட வேண்டியதில்லை என்று நினைத்திருக்கிறீர்கள். குறிப்பிட்ட தொகைக்குக் கீழே இருந்தால் வங்கி வரி பிடிக்காது, அவ்வளவுதான். வட்டி உங்கள் வருமானம்தான். ஆண்டுத் தகவல் அறிக்கை என்று இணையதளத்தில் ஒன்று இருக்கிறது, எல்லோரும் ஏஐஎஸ் என்பார்கள். உங்கள் வட்டி, சம்பளம், பங்கு விற்பனை எல்லாம் அதில் வரிசையாக வந்து நிற்கும். ரிட்டர்ன் போடும் முன் அதை ஒரு முறை திறந்து பாருங்கள். சேமிப்புக் கணக்கு வட்டியையும், 2024இல் ரீஃபண்டோடு சேர்ந்து வந்த சில நூறு ரூபாய் வட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதனால் 7 லட்சத்தைச் சற்றுத் தாண்டினாலும், தாண்டிய தொகையளவுக்கே வரி வரும்படி சட்டத்தில் நிவாரணம் இருக்கிறது, செஸ் மட்டும் தனி.

பதிவேற்றியதோடு வேலை முடியாது. 30 நாட்களுக்குள் ஆதார் ஓடிபி மூலமோ இணைய வங்கி மூலமோ மின்சரிபார்ப்பு செய்ய வேண்டும். அதைச் செய்யாத ரிட்டர்ன், சட்டத்தின் கண்ணில் போடாத ரிட்டர்ன்தான். ரீஃபண்ட் வரவேண்டிய வங்கிக் கணக்கையும் முன்கூட்டியே சரிபார்த்து வையுங்கள். ரீஃபண்ட் அங்கீகரிக்கப்பட்டது, இந்த இணைப்பை அழுத்துங்கள் என்று வரும் செய்திகளை நம்ப வேண்டாம். ரீஃபண்ட் நேராக வங்கிக்கு வரும், யாரும் அட்டை எண்ணையோ ஓடிபியையோ கேட்டு அனுப்புவதில்லை.

ஏஜென்ட், நண்பர்கள், கம்பெனி

தவறு செய்தவர் ஏஜென்ட், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ரிட்டர்னின் அடியில், இதில் உள்ளவை உண்மை என்று நான் அறிந்து உறுதியளிக்கிறேன் என்ற வாக்குமூலம் உங்கள் பெயரில் இருக்கிறது. நீங்கள் போனில் சொன்ன ஓடிபி அதற்கு இட்ட கையெழுத்து. துறை உங்களிடம்தான் கேட்கும். ஏஜென்டோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடலையும் 3,500 ரூபாய் அனுப்பிய பதிவையும் அழிக்காமல் வையுங்கள். நீங்கள் சொல்லாமலே கழிவுகள் போடப்பட்டன என்பதைக் காட்ட அவை உதவும், அவர்மீது போலீஸில் புகார் கொடுக்கவும் உதவும். ஆனால் புகார் கொடுத்தால் வரி தள்ளுபடியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரீஃபண்டில் சதவீதம் கேட்பவரிடம் இனி எப்போதும் ரிட்டர்ன் கொடுக்க வேண்டாம். தொகை கூடக்கூடத் தமக்கு லாபம் என்ற நிலையில் இருப்பவர் உங்கள் கணக்கை நேர்மையாகப் போட மாட்டார்.

நீங்கள் திருத்துவதால் நண்பர்கள் மாட்டமாட்டார்கள். உங்கள் படிவத்தில் அவர்கள் பெயரை எழுதும் இடமே இல்லை. படிவம் 16இல் இல்லாத பெரிய கழிவுகளை ஒரே கம்பெனியின் ஊழியர்கள் பலர் ஒரே மாதிரி கேட்டிருப்பது துறையின் கணினிக்கு ஏற்கெனவே தெரியும். நண்பர்கள்மேல் அக்கறை இருந்தால் மார்ச் 31 என்ற தேதியை அவர்களிடம் சொல்லுங்கள். யாரையும் வற்புறுத்த வேண்டாம், இந்தக் கணக்கைக் காட்டினால் போதும். குறுஞ்செய்தி வந்த நண்பர் முதலில் செய்யட்டும்.

கம்பெனியைப் பொறுத்தவரை, ரிட்டர்ன் உங்களுக்கும் துறைக்கும் இடையில் உள்ள விஷயம். புதுப்பிக்கப்பட்ட ரிட்டர்னின் நகல் சம்பளப் பிரிவுக்குப் போகாது. ஆனால் சம்பளப் பிரிவிடம் நீங்களாகவே போய்க் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நடப்பு நிதியாண்டு 2025–26இல் புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை, சம்பளக்காரருக்கு நிலைக்கழிவோடு 12,75,000. உங்கள் சம்பளத்துக்கு ஒரு ரூபாய்கூடப் பிடிக்கத் தேவையில்லை. ஏப்ரலில் பழைய முறை என்று எழுதிக் கொடுத்திருந்தால் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். ஆண்டின் நடுவில் மாற்றமாட்டோம் என்றால் விட்டுவிடுங்கள், 2026 ஜூலை 31க்குள் நீங்களே புதிய முறையில் ரிட்டர்ன் போட்டால் பிடித்தது முழுவதும் திரும்பிவிடும்.

இன்று இரவே கடவுச்சொல்லை மாற்றுங்கள். மின்நடவடிக்கைகள் பகுதியில் ஏதேனும் இருந்தால், தேதியைக் குறித்துக்கொண்டு அதே வாரத்தில் பட்டயக் கணக்காளரைப் பாருங்கள். காலியாக இருந்தால் முதலில் டிசம்பருக்குள் தாமத ரிட்டர்ன், பிறகு வருகிற 9,560 ரூபாயையும் சேர்த்து மார்ச்சுக்குள் பழைய பாக்கி. மனைவியையும் பக்கத்தில் உட்காரவைத்து இந்த எண்களைக் காட்டுங்கள்.